பத்தியத் தட்டு

குழந்தை வயிற்றுவலியில் வீறிடும்போதெல்லாம் எழிலரசியின் தட்டிலிருந்து ஏதாவது ஒன்று குறைந்தது. பருப்பை நிறுத்தினாள் அம்மா, பிறகு மீனை, முட்டையை, கீரையை.

"நீ திங்கறதுதானே பால்ல இறங்குது? பத்தியம்னா அப்படித்தான்டி."

எழிலரசியின் சிரிப்பு போனது, தலை வாரிக்கொள்வதும் போனது, கடைசியில் பேச்சே இல்லை. பிள்ளை பெற்ற அசதி என்றாள் அம்மா. இன்று பக்கத்தில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்க, மிளகு ரசம் ஊற்றிய வெறும் சோற்றைப் பார்த்தபடி எழிலரசி பல நாள் கழித்து வாய் திறந்தாள்.

"இவ அழலைன்னா எனக்கு எல்லாம் போடுவியாம்மா?"

"பின்னே? அள்ளி அள்ளிப் போடறேன்."

மகள் பேசிவிட்ட சந்தோஷத்தில் அம்மா அப்பளம் சுடப் போனாள். ஒரு அப்பளம் சுடுவதற்குள் அழுகை நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது குழந்தையின் முகத்தின் மேல் தலையணை கிடந்தது; எழிலரசி கழுவிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.