பெயின்ட் பத்திரம்

“அண்ணா, உங்க பிள்ளைங்க ரெண்டும் லிஃப்ட் பக்கத்துல நிக்குதுங்க. வேலைக்காரம்மா வெளியே விட்டுக் கதவைப் பூட்டிக்கிட்டாங்க. ஸ்கூல் லீவு விட்டதுலேர்ந்து தினமும் இதே கதைதான்.”

எதிர் ஃபிளாட் ஹஃபீஸா போனில் சொன்னதும் அம்மையப்பனுக்குச் சுருக்கென்றது. மனைவி அகிலாவுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. இவரே பெர்மிஷன் போட்டுவிட்டு வளைகுடா நாட்டு மங்காஃபில் இருந்த வீட்டுக்கு ஓடிவந்தார்.

பிள்ளைகள் வராந்தாவில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினார். வேலைக்கார ராசம்மா திறந்தாள். கையில் பருத்தித் துணி.

மனுஷன் நேரே போனது கண்ணாடி அலமாரிக்கு. உள்ளே வரிசையாகப் பழைய ராணுவக் கையெறி குண்டுகள். வெடிமருந்தை எடுத்துவிட்ட வெறும் கூடுகள்தான். வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடித் தேடிச் சேர்த்தவை. மறுபடி பெயின்ட் அடித்த சரக்கை அவர் தலையில் யாரும் கட்டிவிட முடியாது. பள்ளத்தில் பெயின்ட் தடித்துத் தேங்கியிருந்தால் புதுசு. மேட்டில் தேய்ந்து அடிப்பழுப்பு தெரிந்தால் ஒரிஜினல்.

சுரண்டியிருப்பாளோ? ஆளை வைத்து மாற்றியிருப்பாளோ? லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது.

பெற்ற பிள்ளைகள் வெளியே நிற்கும் ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

“ராசம்மா! இந்தப் புழுக்கத்துல பிள்ளைங்களை வெளியே தள்ளிட்டு உள்ளே தனியா என்ன பண்றே? விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன், தெரியும்ல?”

அவள் தலையைக் குனிந்தாள்.

“நீங்கள்தானே ஐயா இதுகளை ஒவ்வொரு நாளும் துடைக்கச் சொன்னனீங்கள்?”

“அதுக்கும் பிள்ளைங்களுக்கும் என்ன சம்பந்தம்?”

“கை தவறி விழுந்து வெடிச்சால்? முல்லைத்தீவில நான் கண்ணால கண்டிருக்கிறன் ஐயா. பிள்ளையள் கிட்ட நிக்கக் கூடாது. அதுதான் அதுகளை வெளியில விட்டுட்டுத் துடைக்கிறனான்.”

ஈரத்துணி ஆகாது, அழுத்தித் தேய்க்காதே, பெயின்ட் பத்திரம் என்று அவளுக்கு ஒரு வகுப்பே எடுத்தவர் அம்மையப்பன். உள்ளே மருந்து இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அதெல்லாம் வெறும் இரும்புக் கூடும்மா. வெடிக்காது.” லென்ஸைக் கீழே வைத்தார். “உசிருக்கே ஆபத்துன்னு நினைச்சுக்கிட்டா இத்தனை நாளும் துடைச்சீங்க? முடியாதுன்னு வேலையை விட்டுட்டுப் போயிருக்கலாமே?”

ராசம்மா துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“நான் போனால் வேற ஒருத்தி வருவாள்தானே ஐயா. அவள் பிள்ளையளை வெளியில விட்டுட்டுத் துடைப்பாளோ, என்னவோ?”