போகலாம்மா

"நான் ஒண்ணும் தொலைஞ்சு போகலைக்கா. கொஞ்சம் ஊர் சுத்திட்டு வந்தேன், அவ்வளவுதான்."

விடுதி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்த அக்கா அதை நம்பியதாகத் தெரியவில்லை.

"போன் ஏன் எடுக்கல?"

"சார்ஜ் போயிடுச்சு."

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கேட்டை மூடியிருப்பாங்க. அப்புறம் கோடை வகுப்பு முடியற வரைக்கும் உன்னை வெளிய விட்டிருக்க மாட்டாங்க. நேத்து வந்து இறங்கின, அதுக்குள்ள உனக்குத் தனியா ஊர் சுத்தணுமா?"

கூடப் பிறந்த அக்கா இல்லை. அறையைப் பகிர்ந்துகொள்ளும் சீனியர். சீன மொழி படிக்க அவள் சீனாவுக்கு வருவது இது மூன்றாவது கோடை. எதிரே மூச்சு வாங்க நின்றவள் புது வரவு. விசா இழுத்தடித்ததால் வகுப்பு தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். ஊரில் அவளுக்கு வாயாடி என்று பட்டப்பெயர். இங்கேயோ அவள் கைவசம் இருந்தது நாலே வார்த்தை. வணக்கம், நன்றி, ஆமாம், போகலாம். அதுவும் நேற்று இரவு அக்கா சொல்லிக்கொடுத்தது.

"துணி காயப்போட ஹேங்கர் வாங்கலாம்னு பஸ் ஏறினேன்கா. எங்கேயோ இறக்கி விட்டுட்டான். ஆத்துப் பாலத்துல நின்னு அழுகையை அடக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் அவங்க வந்தாங்க."

"யாரு?"

"அதோ, ஆபீஸ்ல தண்ணி குடிச்சிட்டு இருக்காங்களே, அவங்கதான்."

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம், நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கமான மனுஷிக்கா. என் பையில இருந்த காலேஜ் முத்திரையைப் பார்த்துட்டு அவங்களே கிட்ட வந்தாங்க. பேரைப் படிச்சுட்டு என்னமோ சொன்னாங்க. நான் ஆமாம்னேன். இன்னும் ஏதோ சொன்னாங்க. அதுக்கும் ஆமாம்னேன். உடனே முகம் அப்படியே மலர்ந்துடுச்சு. கையைக் கோத்துக்கிட்டாங்க."

"தெரியாதவங்க கையைப் பிடிச்சா கூடவே போயிடுவியா?"

"அவங்க பேச்சைக் கேட்டா நீங்களும் போவீங்க. எதைச் சொன்னாலும் கடைசியில ஒரு 'மா' போடுறாங்கக்கா. எங்க சித்தி 'வாம்மா, போம்மா'ன்னு சொல்வாங்க, அச்சு அசல் அதே மாதிரி. ஒவ்வொரு தெருமுனையிலும் கையை நீட்டி, 'இந்தப் பக்கம் போகலாம்மா'ன்னு சொல்லுவாங்க. நான் ஆமாம், போகலாம்னு சொல்லுவேன்."

அக்காவின் புருவம் மெல்ல உயர்ந்தது.

"நேரா கூட்டிட்டு வந்தாங்களா?"

"நேரா வந்தா அதுல என்ன இருக்கு? சாவிக் கடைங்க மட்டுமே இருக்கிற ஒரு தெரு. பழைய சைக்கிள் சந்தை. அப்புறம் ஒரு பூங்கா, அங்கே தாத்தாக்கள் எல்லாம் பூப்பந்து ஆடி ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிறாங்க. எல்லாத்தையும் காட்டினாங்க. மறுபடியும் அந்தப் பாலத்துக்கே கூட்டிட்டு வந்தாங்க."

"பாலத்துக்கேவா? எதுக்கு?"

"சாயங்கால வெயில்ல ஆறு எப்படி மின்னுது தெரியுமா? அதைக் காட்டத்தான். அங்கே மட்டும் அவங்க முகம் கொஞ்சம் வாடிப்போச்சு. பாவம், கால் வலிச்சிருக்கும்."

அக்கா அலுவலகச் சன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம் நம்ம நீச்சல் குளத்தோட நீலக் கூரை தெரிஞ்சதும் நான் ஓடினேன். அவங்களும் பின்னாலேயே ஓடி வந்தாங்க. கேட்லயே என்னை விட்டுட்டுப் போயிருக்கலாம். உள்ளே வந்து ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போவாங்க போல. அவ்வளவு பொறுப்பு."

"வா, நன்றி சொல்லிட்டு வருவோம்."

இருவரும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அந்தப் பெண்மணி செருப்பைக் கூட மாட்டாமல் எழுந்து வந்து வாயாடியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். அக்காவைப் பார்த்து நிறுத்தாமல் பேசினார். அக்கா இடையில் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். மேசைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்னக்கா? என்னைப் பத்தித்தானே?"

"உன்னைப் பத்தித்தான். ஒரே புகழ்ச்சி." அக்கா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "அவங்க உன்னை 'மா' போட்டுக் கூப்பிடலடி. இந்த மொழியில வாக்கியக் கடைசியில 'மா' வந்தா அது கேள்வி. முதல் வாரப் பாடம், நீதான் வரலையே. அவங்க சொன்னது 'போகலாம்மா' இல்ல. 'போகலாமா?'"

வாயாடி தான் சொன்ன ஆமாம்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"இந்தக் காலேஜுக்கா போறே, வழி தெரியுமான்னு கேட்டிருக்காங்க. நீ ஆமாம்னுட்ட. அப்புறம் ஒவ்வொரு முனையிலும் இந்தப் பக்கமான்னு உன்னைக் கேட்டுக் கேட்டு நடந்திருக்காங்க. அவங்களே இன்னிக்குத்தான் வெளியூர்லேருந்து இந்தக் காலேஜைத் தேடி வந்து இறங்கியிருக்காங்க. நீதான் வழி காட்டிக் கூட்டிட்டு வந்தேன்னு நினைக்கிறாங்க."

அந்தப் பெண்மணி வாயாடியின் கன்னத்தைத் தட்டி மறுபடி ஏதோ சொன்னார். அதுவும் 'மா' என்றே முடிந்தது. பழக்க தோஷத்தில் வாயாடி "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டாள்.

"அக்கா, இப்ப எதுக்குத் தலையாட்டினேன்?"

"கோடை வகுப்புக்காரங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டப் புது வேன் டிரைவர் வராங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, அது இவங்கதான். நாளையிலேருந்து முன் சீட்டுல உட்கார்ந்து நீதான் வழி சொல்லப்போறே."