சொல்லிவிட்டுப் போனவர்கள்

திருநகர் கிளை நூலகத்தில் முத்திருளன் தினமும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். படிப்பதென்னவோ வந்துபோகிற ஆட்களைத்தான்.

"அண்ணே, அந்தக் கண்ணாடிக்காரரு இனிமே வரமாட்டாரு," என்றார் நூலகர் துளசிராமிடம், வெளியேறுகிறவரின் முதுகையே பார்த்தபடி.

"ஏன்யா?"

"எப்பவும் 'வாரேன்'னு சொல்லிட்டுத்தான் கிளம்புவாரு. இன்னிக்குப் 'போறேன்'னுட்டாரு."

துளசிராம் சிரித்தார்.

மூன்றாம் நாள் கண்ணாடிக்காரரின் மகன் மொட்டைத்தலையோடு வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த வாரம், நூலகத்துக்கு வந்துபோகிற செல்லத்தாய் டீச்சர் செத்துப்போனார். அவரும் கடைசியாகப் 'போறேன்' என்றுதான் சொல்லியிருந்தார்.

அதன்பின் துளசிராம் சிரிக்கவில்லை. கிளம்புகிற ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து, "வாரேன்னு சொல்லிட்டுப் போங்க," என்று கெஞ்சினார். ஒரு மாதமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிவிட்டுத் துளசிராமும் முத்திருளனும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள்.

"இனிமே பயமில்லய்யா. அம்புட்டுப் பேருக்கும் பழக்கிவிட்டுட்டேன்," என்றார் துளசிராம்.

டவுன் பஸ் வந்தது. நின்றும் நிற்காமலும் நகர்ந்தது.

"ஐயோ, விட்டா அரை மணி நேரமாகும். போறேன்!" என்று ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார் துளசிராம்.

படிக்கட்டில் தொங்கியபடி திரும்பிப் பார்த்துக் கையாட்டினார்.

முத்திருளன் கையாட்டவில்லை. கண்ணாடிக்காரரின் முதுகைப் பார்த்த அதே பார்வை.