நான்காம் அறை வாஷ்பேசின்

வாஷ்பேசினுக்கு அடியிலிருந்த வளைகுழாயை பிளம்பர் டோர்லைஃப் கழற்றியதும் குன்வோர் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

உள்ளே பச்சையாக, கொழகொழவென்று ஒன்று. அழுகல் நாற்றமாக இருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இது திராட்சைச் சாறு மாதிரி இனித்து நாறியது.

சீ, தலைமை நர்ஸ் குன்வோரின் வார்டிலா இந்தக் கண்றாவி! குப்பைப் பையில் ஒரு சொட்டு ஈரம் கசிந்தாலே ஊரைக் கூட்டுகிறவள் அவள். இன்றைக்குத் துப்புரவுப் பெண்களைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

டோர்லைஃப் மூக்கைப் பொத்தியபடி சளியை வாளிக்குள் வழித்துப் போட்டார்.

அறையின் மறுகோடியில், திரைக்குப் பின்னால், சீவெர்ட் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். காட் மீன் பிடிக்கும் படகுக்காரர். காலில் அடிபட்டு வந்தவர். அங்கே மாற்றும் முன் வாஷ்பேசினை ஒட்டியிருந்த கட்டிலில் இரண்டு வாரம் படுத்திருந்தார். கால் ஆறியது, நெஞ்சில் கிருமி ஏறிவிட்டது. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை.

வாஷ்பேசின் ஓட்டையில் இருப்பதும் அதே கிருமிதான் என்று காலையில்தான் ஆய்வகம் சொன்னது.

டாக்டர் எஸ்கில் கடைசி மருந்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இதுவும் கேட்காவிட்டால் வேறு எதுவும் இல்லை.

"அந்தக் கிருமியோட தோல்ல குட்டிக்குட்டியா பம்பு இருக்கு, குன்வோர். உள்ள போற மருந்த அப்படியே வெளிய துப்பிடுது. ஆனா இந்த அளவுக்குத் துப்பக் கத்துக்கணும்னா, யாரோ தெனம் கொஞ்சம் கொஞ்சமா மருந்து குடுத்துப் பழக்கியிருக்கணும்."

துப்புகிற ஜந்து. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. எந்த மடையன் செய்த வேலையோ என்று வாய்விட்டே திட்டினாள்.

திட்டிக்கொண்டே மருந்தை அளந்து சிரிஞ்சில் ஏற்றினாள். சீவெர்ட்டின் டிரிப்பில் அதைச் சேர்த்துவிட்டுத் திரும்பினாள்.

புட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்படியே குப்பையில் போட்டால் பை ஒழுகும். அவளுக்கு அது ஆகாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

வாஷ்பேசினில் கவிழ்த்தாள்.

கீழே குழாய் இல்லை. டோர்லைஃபின் வாளியில் கிடந்த பச்சைச் சளிமேல் மருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

டோர்லைஃப் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் வாளியைப் பார்த்தார், பிறகு அவள் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார்.