புது நூல்

“இந்தக் கந்தல் சால்வைக்கு இவ்வளவு விலையா? இது பகல் கொள்ளை!”

“கந்தலா? மடிப்புக்கூடக் கலையலை. கட்டுப்படியாகலைன்னா நடையைக் கட்டுங்கம்மா,” என்று சீறினான் பழைய துணிக் கடைக்காரன்.

தையல்காரி விடுவாளா? அடித்துப் பேசிப் பாதி விலைக்கு அந்தப் பச்சைப் பின்னல் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அதை வரிவரியாகப் பிரித்தாள். நூலை அலசி, கனம் கட்டித் தொங்கவிட்டுச் சுருக்கம் எடுத்தாள். பிறகு பின்னல் ஊசிகளோடு உட்கார்ந்தாள்.

நாத்தனாரின் பிறந்தநாளுக்கு ஸ்வெட்டர் தயார்.

நாத்தனார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். “ஏன் அண்ணி, கடையில வாங்கிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? நூலாவது புதுசா? அடுத்தவங்க சாமானை நான் கையால தொட மாட்டேன், ஆமா.”

“உனக்குப் போய் அடுத்தவங்க சாமானைக் குடுப்பேனா?”

“குடுப்பீங்க. உங்க கஞ்சத்தனம் ஊருக்கே தெரியும்.”

தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுவாரம் கடைக்காரன் போன் செய்தான்.

“அம்மா, உங்க பச்சை நூல் திரும்ப வந்துடுச்சு. இப்ப ஸ்வெட்டரா வந்திருக்கு.”

“சால்வையை வித்த அதே அம்மாதானே?”

“அவங்களேதான். ‘போன வருஷம் சால்வை, இந்த வருஷம் இது, எங்க அண்ணிக்கு வேற வேலையே இல்லை’ன்னு திட்டிக்கிட்டே போட்டுட்டுப் போனாங்க.”

“பத்திரமா எடுத்து வைங்க,” என்றாள் தையல்காரி. “அடுத்த பிறந்தநாளுக்கு அவளுக்குக் குல்லா போடணும்.”