ஒரு மடக்கு சர்பத்

கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்: நர்ஸ் ரஷா, அவளைப் பெண் கேட்டு வந்த ஷெரீஃப், அவன் அம்மா இன்ஸாஃப், ரஷாவின் அப்பா, சர்பத் தட்டோடு நின்ற தங்கை ஹனாதி.

"ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாமா?" என்றார் அப்பா.

"இருங்க. இந்தக் குண்டுத் தங்கச்சி கல்யாண மேடைப் பக்கமே வரக்கூடாது. கெய்ரோவே சிரிக்கும்," என்றாள் இன்ஸாஃப்.

ஹனாதி சர்பத் தட்டை இன்ஸாஃப் முன்னால் வைத்தாள். "அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன், மாமி. இரைப்பையைச் சின்னதாக்கப் போறாங்க."

"வாயைக் கட்ட முடியாத சோம்பேறிங்கதான் வயித்தை அறுத்துக்குவாங்க. என்னைப் பாரு! மக்காவுக்கு உம்ரா போய் வந்த ஒரே வருஷத்துல நாற்பது கிலோ குறைஞ்சிட்டேன். எல்லாம் நோன்பும் ஜம்ஜம் தண்ணியும்தான்."

"அம்மா சொல்றது நியாயம்தானே," என்றான் ஷெரீஃப்.

இன்ஸாஃப் சர்பத்தில் உதட்டை மட்டும் நனைத்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

ரஷா எழுந்தாள். "ஃபாத்திஹா வேண்டாம்ப்பா. இவங்க கிளம்பட்டும்."

"திமிரு!" என்று கத்திவிட்டு ஷெரீஃப் படியிறங்கினான். பின்னால் போன இன்ஸாஃபை ரஷா வாசலில் நிறுத்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இனிப்பு குடிச்சா இன்னும் தலை சுத்துதா, மாமி? இதே ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போடுறப்ப என் கையைத்தான் பிடிச்சிட்டு அழுதீங்க. முகமூடி போட்டிருந்தேன், அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. அன்னிக்கு உங்களை யாரும் சோம்பேறின்னு சொல்லல."

ரஷா அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினாள்.