மோவாய்ப் பொட்டு

அந்தப் பல் மருத்துவமனையில் தாடை அசைவை அளக்கும் கருவி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கொலுவிருந்தது. கப்பலேறி வந்த கருவி என்பதால் அதற்கு நடுக்கூடத்திலேயே இடம். ஒருநாள் அதன் எதிரே, ஒரு குச்சியில் மாட்டிய பழைய செல்போன் வந்து நின்றது.

"நீயுமா தாடையை அளக்கப் போகிறாய்?" என்றது கருவி.

"ஆமாங்க. மூக்கு நுனியில ஒரு பொட்டு, மோவாயில ஒரு பொட்டு ஒட்டுவாங்க. வாயைத் திறக்கிறப்ப வீடியோ எடுப்பேன். கீழ்ப்பொட்டு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தாப் போதும்."

"பொட்டு வைத்து வைத்தியமா?" கருவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அப்போது, மீன் ஏலம் விடும் செல்லக்கனி தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் வலி; திறக்காவிட்டால் பிழைப்பில்லை. டாக்டர் கருவியை எடுத்து அவள் தலையில் மாட்டினார். அது கனத்த கனத்தில் அவளால் வாயைத் திறக்கவே முடியவில்லை.

"கோணல் எதுவும் இல்லை" என்று அறிவித்தது கருவி.

"தாடை அசையவே இல்லீங்களே" என்றது செல்போன்.

"அசைந்தால்தானே கோணும்?"

டாக்டர் கருவியைக் கழற்றிவைத்துவிட்டு, பொட்டுகளை ஒட்டிச் செல்போனைத் திருப்பினார். மோவாய்ப் பொட்டு இடப்பக்கமாக ஓடியது. வைத்தியம் தொடங்கியது. கொஞ்ச நாளில் செல்லக்கனியின் குரல் கடற்கரை முழுக்கக் கேட்டது.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எந்தக் கருவியையும் வேலை வாங்கக் கூடாது. டாக்டர் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை போட்டு, அந்தக் கோலத்தைச் செல்போனில் படம் பிடித்தார்.

கருவி செல்போனைப் பரிதாபமாகப் பார்த்தது.

"இன்றைக்குக்கூட உனக்கு வேலை. எனக்குப் பார், வருஷம் முழுக்க ஆயுத பூஜைதான்."